எட்டாவது கவ்வி

கவுனஸ் விமானக் கொட்டகை.
பிப்ரவரி இரவு, மணி இரண்டு.
வெளியே பனி படுக்கைவாட்டில் பறக்கிறது.
உள்ளே, தோலுரித்த எஞ்சினுக்கடியில்
மல்லாந்து கிடக்கிறாள் ஸ்கைஸ்தே.

நான் ஆவணக்காரன்.
என் மேசையில் ஆணை, பதினொரு பக்கம்.
‘கட்டாயம்’ என்ற சொல் நாலு இடத்தில்.
அறுநூறு பறப்பு மணிக்குள்
இடது எஞ்சினில் ஏழு, வலதில் ஏழு
பழைய கவ்விகளைக் கழற்றி
உறையிட்ட புதியவற்றை மாட்டுக.

கவ்விகள் பிடித்திருப்பது ஒரு குழாயை.
பென்சில் கரியின் பருமன்.
அதற்கு வேலை ஒன்றுதான்:
சுடுகிறதா என்று
தொட்டுக்கொண்டே இருப்பது.
இருபது வருடமானாலும்
இல்லை, இல்லை, இல்லை என்று
சொல்லிக்கொண்டே இருப்பது.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
நெருப்பில்லாமல் மணியடித்தது
போன வருடம், கடலுக்கு மேல்.
உரசி உரசித் தேய்ந்த குழாய்
வலது எஞ்சின் எரிகிறது என்று பொய் சொன்னது.
நன்றாய் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு
இருட்டில் ஏதோ ஒரு தீவில் இறங்கினார்கள்.
காற்றுச் சறுக்கில் வழுக்கி வந்ததில்
செல்லோ வாசிக்கிற ஒருத்தியின்
மணிக்கட்டு முறிந்தது.
ஆணையில் அவள் பெயர் இல்லை.
‘ஒரு நிகழ்வு’ என்று இருக்கிறாள்.

மூன்றரைக்கு ஸ்கைஸ்தே கூப்பிட்டாள்,
டார்ச்சைக் கொண்டு வா என்று.
ஏழும் மாட்டியாயிற்று.
இன்னும் உள்ளே,
கைக்கு எட்டாத இடத்தில்
எட்டாவது.
கம்பிமுனைக் கண்ணாடியை நீட்டிக் காட்டினாள்.
கவ்விக்குக் கீழே, குழாயில்,
நகம் கீறியது போல ஒரு பளபளப்பு.

விகாந்தஸ் வந்தார். ஆறாம் பக்கத்தைத் திருப்பினார்.
“ஏழு என்றுதானே போட்டிருக்கிறது?”
“உரசலுக்குப் படிக்கத் தெரியாது” என்றாள்
எஞ்சினுக்குள்ளிருந்து,
வாயில் திருகாணியோடு.

ரீகாவிலிருந்து மூன்று முறை அழைத்தார்கள்.
ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய விமானம்,
நூற்று நாற்பது பேர்,
அதில் பாதிப்பேர் பனிச்சறுக்குக் கட்டைகளோடு.
விகாந்தஸ் கரு ரொட்டியைக் கடித்தார்,
மென்றார்,
மென்றுகொண்டே போய்
சிவப்பு அட்டையைத் தன் கையாலேயே தொங்கவிட்டார்.

எனக்கு எரிச்சல்தான். மறைப்பானேன்?
எல்லாப் படிவத்தையும் முதலிலிருந்து எழுத வேண்டும்.
ஐந்தரைப் பேருந்து போய்விடும்.
போய்விட்டது.

ஜூலையில் திருத்திய ஆணை வந்தது.
பன்னிரண்டு பக்கம்.
ஏழு இருந்த இடத்தில் எட்டு.
காரணம்: ‘களத்திலிருந்து கிடைத்த தகவல்’.
ஓடிப்போய் அவளிடம் காட்டினேன்.
நின்றபடியே முழுக்கப் படித்தாள்.
“மூன்றாம் பக்கத்தில் எழுத்துப்பிழை” என்று
திருப்பிக் கொடுத்தாள்.

எங்கள் பக்கம் முற்காலத்தில்
இரவு அடுப்பு நெருப்பைச் சாம்பலால் போர்த்தி
தூங்கு என்று சொல்வார்களாம்.
எஞ்சின் மூடியைச் சாத்தும்போதெல்லாம்
விகாந்தஸ் இரண்டு தட்டுத் தட்டுவார்.
அதுதானா இது? கேட்டதில்லை.

ஒவ்வொரு விமானமும் முடிந்த பின்
விமானி இருக்கையில் ஏறி உட்கார்ந்து
சோதனைப் பொத்தானை அழுத்துவாள் ஸ்கைஸ்தே.
சிவப்பு விளக்கு. காதைக் கிழிக்கும் மணி.
இந்த ஒரு பொய்யை மட்டும்
நாங்களே கேட்டு வாங்குகிறோம்.

விரலை எடுக்கிறாள்.
படிவத்தில் அந்த அமைதிக்கென்று
ஒரு கட்டம் உண்டு, தீப்பெட்டியைவிடச் சிறியது.
அதற்குள் எழுதுகிறேன்: சரி.
வெளியே யாரோ
ஓடுபாதைப் பனியைத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள்.